ரைஸ்மில் முதலாளியின் கேமரா

எங்கள் பேரூராட்சியில் ரைஸ்மில் வீரபாகு என்றொரு பெரிய மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர் வயிறு வரும், பின்னால் ஆள் வருவார், மூளை வந்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

போன கவுன்சிலர் தேர்தலில் மண்ணைக் கவ்வியவர், இந்தத் தடவை ஓட்டுக்கு முந்தின நாள் மில் ஆட்களை நெல் காயும் களத்தில் வரிசையாக நிறுத்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் மனைவி, தம்பிமார், மருமக்கள் என்று குடும்பமே நின்றது.

"பூத்துல கேமரா இருக்கு. எவன் எந்தப் பட்டனை அமுக்குறான்னு என் போன்ல தெரியும். போன தடவையே ஒருத்தர் விடாம பாத்தேன், பாவம்னு விட்டேன். இந்தத் தடவை மாத்தி அமுக்கினா மில்லுல வேலை கிடையாது!"

எல்லாரும் சரி சரியென்று தலையாட்டினார்கள். அரிசி புடைக்கிற ஆவுடைத்தங்கம் மட்டும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பூத் சிலிப் கொடுக்க வந்த அதிகாரியம்மாகிட்ட கேட்டேன், மொதலாளி. கேமரா வரிசையைத்தான் பாக்குமாம், ஓட்டுப் போடுற மறைப்புக்குள்ள எட்டிப் பாக்காதாம்."

"ஏட்டி, அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? நான் என் கண்ணால பாத்திருக்கேன்!"

"அப்ப சரிதான். போன தடவை உங்களுக்கு விழுந்தது மொத்தமே ஆறு ஓட்டு. உங்க வீட்டுலயே ஒம்பது ஓட்டு இருக்கு. உங்களுக்குப் போடாத அந்த மூணு பேரு யாரு, மொதலாளி?"

வீரபாகு மெல்லப் பின்னால் திரும்பினார். தம்பிமார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவிதான் அவசரமாகச் சொன்னாள்: "அதிகாரியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். கேமராவாவது ஒண்ணாவது! சோறு ஆறுது, வாங்க."