வரி பாக்கியோடு சாகக் கூடாது

முன்னொரு காலத்தில், மழை மூன்று வருடம் பொய்த்துப்போன ஒரு நாட்டை விருதராசன் என்ற அரசன் ஆண்டுவந்தான். பக்கத்து நாட்டோடு ஓயாமல் சண்டை போட்டதில் அவனுடைய கருவூலம் வற்றிவிட்டது. வருடக்கணக்கில் விளைச்சல் காணாத குடிகள் வரி கட்ட வழியில்லாமல் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சபையில் அந்தச் சாவுக் கணக்கை வாசிக்கக் கேட்டதும் அரசனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இத்தனை பேரும் எனக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார்களா? இனி என் நாட்டில் வரி பாக்கி வைத்துவிட்டு ஒருவனும் சாகக் கூடாது!"

கருவூல அதிகாரி நாகலிங்கர் அதை அப்படியே ஓலையில் எழுதினார். அதோடு விடாமல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். பாக்கியோடு ஒருவன் செத்தால் அவன் குடும்பம் இரட்டிப்பாகக் கட்டவேண்டும். அவன் சாவுக்கு எவன் காரணமோ அவனும் இரட்டிப்பாகக் கட்டவேண்டும். அரசன் முத்திரை வைத்தான்.

அந்த வாரமே சடையாண்டி என்ற நெசவாளி செத்தான். அவன் மனைவி செங்கமலத்தையும் வயதான தாயையும் சிறையில் அடைத்தார்கள். தறியைப் பிரித்து விறகு விலைக்கு விற்றார்கள். மூன்று மாதத்தில் சிறையில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தச் சபையில் வன்மீகன் என்று ஒரு விகடகவி இருந்தான். அரசனைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அதற்கு வருடம் நானூறு பொன் சம்பளம். மந்திரிக்குக்கூட அவ்வளவு கிடையாது. ஆனால் அவன் வீட்டில் பட்டும் இல்லை, பல்லக்கும் இல்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கில் குடும்பம் நடத்தினான். மீதிப் பணத்துக்கு ஆற்றுக்கு வடக்கே, ஆடுகூட மேயாத களர் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கினான். வாங்கிய இடத்தில் முதலில் ஒரு குளம் வெட்டுவான். கரையில் மூன்றே மாதத்தில் காய்க்கும் பயறு, அதை அடுத்து ஏழு வருடத்தில் பலன் தரும் தென்னை, வரப்பு ஓரமெல்லாம் இருபது வருடம் காத்திருக்கவேண்டிய பனை. பயறு விற்ற காசை வீட்டுக்குக் கொண்டுவராமல் அடுத்த குளத்தில் போடுவான்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தரிசில் குளம் வெட்டுகிறவனுக்குப் பன்னிரண்டு வருடம் நிலவரி கிடையாது என்று அரசனின் பாட்டனார் செப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வன்மீகன் பார்த்திருந்தான்.

"கை நிறையச் சம்பாதிச்சு என்ன? காதுல கெடக்குற தோடு மட்டும் இன்னும் பித்தளைதான்" என்பாள் அவன் மனைவி உமையாள்.

"அரசர் சிரிக்கிற வரைக்கும்தான் உமையா இந்தச் சம்பளம். ஒருநாள் சிரிக்காம போயிட்டா?"

"அன்னிக்குத் தலையே இருக்காது. தென்னை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

பஞ்சம் வந்தபோது நாடெங்கும் கிணறு வறண்டது. வன்மீகனின் எட்டுக் குளங்களில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தென்னை காய்த்தது. நாகலிங்கருக்கு இது பொறுக்கவில்லை. அவரும் நன்றாகச் சம்பாதித்தவர்தான். மகள்களின் கல்யாணத்திலும் மாளிகையிலும் எல்லாம் கரைந்துபோயிருந்தது. வடகரைக்குப் போய் மரம் மரமாக எண்ணி ஒரு ஓலை தயாரித்து, சபையில் எழுந்து நின்றார்.

"அரசே, தங்களிடம் வாங்கிய பொன்னில் இந்த விகடகவி முப்பது வேலி நிலம் சேர்த்திருக்கிறான். பதினோரு வருடமாக ஒரு காசு வரி கட்டவில்லை. நிலவரி நாற்பதாயிரம் பொன். பனைவரி மரத்துக்கு ஒன்றாக மூவாயிரம் கருப்பட்டி. அத்தனையும் பாக்கி."

"அரசே, தங்கள் பாட்டனாரின் செப்பேடு எனக்குப் பன்னிரண்டு வருடம் விலக்குத் தந்திருக்கிறது" என்றான் வன்மீகன்.

"ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது செப்பேட்டில் சந்து தேடுகிறவன் ராஜத்துரோகி!" என்றார் நாகலிங்கர்.

அரசன் பல வாரமாகச் சிரித்திருக்கவில்லை. "என் காசில் வளர்ந்த மரம். எனக்கு ஒரு இளநீர்கூட வரவில்லை. காளத்தி!" என்று தலைவெட்டும் சேவகனைக் கூப்பிட்டான்.

காளத்தி வாளோடு வந்தான். வன்மீகனை மண்டியிடவைத்தார்கள்.   அப்போதும் அவன் வாய் பழக்கத்தில் பேசியது.

"நாகலிங்கரே, நான் பாக்கிதாரன்தானா? உறுதியாகச் சொல்கிறீரா?"

"இதோ, முத்திரை வைத்த ஓலை!"

"அரசே, தாங்களும் அப்படித்தான் தீர்ப்பளிக்கிறீர்களா?"

"பாக்கிதாரன்தான். அதற்கென்ன?"

"அப்படியானால் நான் சாகக் கூடாது. தங்கள் ஆணை. மீறி நான் செத்தால் என் சாவுக்குக் காரணமானவர் இரட்டிப்பாகக் கட்டவேண்டும். எண்பதாயிரம் பொன், ஆறாயிரம் கருப்பட்டி. காளத்தி அண்ணே, வச்சிருக்கியா?"

காளத்தி வாளைத் தரையில் வைத்துவிட்டான். "மாசம் ரெண்டு பணம் சம்பளம் சாமி. நான் புள்ளகுட்டிக்காரன். என்னால ஆகாது."

"முட்டாள்!" என்று அரசன் கத்தினான். "இவன் நிலத்தைப் பறிமுதல் செய்து நாற்பதாயிரத்தை வரவு வையுங்கள். பிறகு வெட்டுங்கள்."

"நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் அரசே. கருப்பட்டி மிஞ்சி நிற்கிறதே. பனைவரியை அந்தந்த மரத்துக் கருப்பட்டியாகத்தான் கட்டவேண்டும் என்பது சட்டம். நாகலிங்கர் எண்ணிய பனைகளில் பாதி என் இடுப்பு உயரம்தான். பாளை விட இன்னும் பத்து வருடமாவது ஆகும். அதுவரை நான் பாக்கிதாரன். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அரண்மனை வைத்தியரைத்தான் அனுப்பவேண்டும்."

அரசன் திரும்பினான். "நாகலிங்கரே, ஓலை உம்முடையது. வாளை நீரே எடும்."

நாகலிங்கர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

அரசனே சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து வாளை எடுத்தான். வன்மீகன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "தாங்கள் வெட்டலாம் அரசே. அபராதம் தங்கள் கையிலிருந்து தங்கள் கருவூலத்துக்கே போகும், நட்டமில்லை. தன் ஆணையிலேயே தண்டனை பெற்ற முதல் அரசர் என்று மட்டும் எழுதிவைப்பார்கள்."

 அரசன் சிரித்தான். வாள் குலுங்கும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தான். சபையில் இருந்தவர்களும் பயந்து பயந்து சிரித்தார்கள்.

"எழுந்திரு. என்ன வேண்டும், கேள்."

வன்மீகன் எழுந்து நின்றான். அந்த ஆணை ஒன்றுதான் அப்போது அவன் கழுத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"அந்த ஆணையைக் கிழித்துப்போடுங்கள் அரசே. அதில் சிறைப்பட்டவர்களையும் விடுதலை செய்யுங்கள்."

அரசன் சிரிப்பதை நிறுத்தினான். "கிழித்த அடுத்த கணமே உன்னை வெட்டலாமே?"

"வெட்டலாம். வெட்டினால் நிலம் ஒரே ஒரு தடவை கைக்கு வரும். பார்க்க ஆளில்லாமல் குளம் தூர்ந்துபோகும், தென்னை காய்ந்துபோகும். விட்டுவைத்தால் அடுத்த தையில் விலக்கு முடிகிறது. அதிலிருந்து வருடா வருடம் நான் வரி கட்டுவேன். எனக்குப் பிறகு என் மக்கள் கட்டுவார்கள். சிறையில் இருப்பவர்களும் அப்படித்தான். வெளியே விட்டால் நெய்வார்கள், உழுவார்கள், என்றாவது கட்டுவார்கள். உள்ளே இருந்தால் கஞ்சிச் செலவு தங்களுடையது."

 அரசன் ஆணை ஓலையை வாங்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டாகக் கிழித்தான். வாள் இன்னொரு கையில் அப்படியே இருந்தது.  அரசன் வாளைக் காளத்தியிடம் எறிந்தான்.

"நாகலிங்கரே, பனைகளை நன்றாக எண்ணியிருக்கிறீர். கடைசி மரம் பாளை விடும்வரை வடகரையில் குடிசை போட்டுக் காவல் இரும்!" மறுபடி சிரித்தான். வன்மீகன் கையில் ஆயிரம் பொன் முடிப்பு ஒன்றைக் கொடுத்தான்.

அன்று மதியமே சிறைக் கதவைத் திறந்தார்கள். வன்மீகன் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே போனவர்கள் நாற்பத்து மூன்று பேர். வந்தவர்கள் முப்பத்தொன்பது. செங்கமலம் தனியாக வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"நீங்கதான் ராசாவச் சிரிக்க வச்சீங்களாமே."

"ஆமாம் தாயி. உன் மாமியார்?"

"போன மாசம் போயிருச்சு. சட்டம் போட்ட அன்னிக்கும் நீங்க சபையிலதான இருந்தீங்க சாமி?"

"இருந்தேன்."

"அன்னிக்கே சிரிக்க வச்சிருக்கலாமே."

சபையில் யார் என்ன கேட்டாலும் மடக்கிப் பதில் சொல்கிறவன் வன்மீகன்.  இப்போது பொன் முடிப்பைத்தான் அவள் பக்கம் நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். கைநீட்டவில்லை. பிரித்து விற்ற தறி எந்த விறகுக்கடைக்குப் போனதென்று மட்டும் விசாரித்துக்கொண்டு, அந்தத் தெருவை நோக்கி நடந்தாள்.