மந்திரி வீட்டு மறுவிருந்து

கிட்ட வந்து உட்காருங்கள். தூரத்தில் இருந்தால் சிரிப்புதான் கேட்கும், கதை கேட்காது.

மருதங்குடி ராஜாவுக்கு ஒரு வழக்கம். முதல் தடவை திருடி அகப்பட்டவனைச் சிறையில் போடமாட்டார். வீட்டோடு விட்டுவிட்டு, அவன் ஒழுங்காகப் பிழைக்கிறானா என்று வாராவாரம் போய்ப் பார்க்க ஓர் ஆளை வைப்பார். அந்த ஆளுக்குத் திருத்தக்காரர் என்று பேர். கையில் ஒரு கம்புகூட இருக்கக் கூடாது. கம்போடு போனால் எவன் நம்பி வாய் திறப்பான் என்பார் ராஜா.

முத்திருளன் அப்படி ஒரு திருத்தக்காரர். காடையன் என்பவனைப் பார்க்கப் போன இடத்தில், பழைய கூட்டாளி ஒருத்தன் அவனை மறுபடி களவுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். முத்திருளன் குறுக்கே நின்றார். கூட்டாளி உலக்கையால் ஒரே போடு! முழங்கால் நொறுங்கிப்போச்சு. அப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. வீட்டில் அடுப்பு எரிவதும் நின்றது.

சபையில் விகடம் பேசுகிற சாத்தையனுக்கு மனசு ஆறவில்லை. "மகாராஜா, போரில் அடிபட்டவனுக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடுகிறீர்களே, முத்திருளனுக்கும் விடுங்கள்" என்றான்.

பொக்கிஷ மந்திரி வேங்கடராயர் துள்ளி எழுந்தார். "போராமே போர்! ஒருத்தன் வீட்டுக்குப் போய், மோர் வாங்கிக் குடித்து, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வருவது போரா? அது விருந்தாடப் போவது ஐயா!"

"மந்திரி சொல்வதும் சரிதானே?" என்றார் ராஜா.

"ரொம்பச் சரி" என்று சாத்தையன் கும்பிட்டான். "விருந்தாடினால் மறுவிருந்து வைப்பதுதானே நம் ஊர் முறை? முத்திருளன் படுத்த படுக்கை. அவருக்குச் சம்பளம் அளக்கிற மந்திரிதான் அவருக்குப் பெரியவர். மந்திரி வீட்டிலேயே வைத்துவிடட்டும்."

ராஜா முன்னால் பின்வாங்க முடியுமா? "வைத்தால் போச்சு!" என்றார் மந்திரி.

வெள்ளிக்கிழமை சாத்தையன் விருந்தாளிகளைக் கூட்டி வந்தான். எல்லாம் முத்திருளன் வாராவாரம் போய்ப் பார்த்த ஆட்கள்தான். கன்னம் வைத்தவன், ஆடு தூக்கினவன், சந்தையில் மடி அறுத்தவன். எல்லாரும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பயபக்தியோடு கைகட்டி நின்றார்கள். மந்திரிக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது.

காடையன் மீசை ரெண்டு சாண் இருக்கும். அவன் மந்திரியை நெருங்கிப் பணிவாகக் கேட்டான்: "சாமி, எல நீளமா கெடக்கு. நறுக்கணும். அந்த அருவாளக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

மந்திரி அரிவாளைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். அடுத்த நொடி ஏணியில் ஏறிப் பரணுக்குப் போய்விட்டார். "ஐயோ, படையைக் கூப்பிடுங்கள்!"

சாப்பிட வந்த ராஜா அண்ணாந்து பார்த்தார். "என்னய்யா, விருந்தாளிகளைக் கீழே விட்டுவிட்டு மேலே என்ன பண்ணுகிறீர்?"

"விருந்தா இது? போர்க்களம், மகாராஜா! வெறுங்கையோடு இவர்கள் நடுவே ஒருத்தன் நிற்க முடியுமா?"

"சாமி, இது உங்கள் வீடு. வாசலில் உங்கள் காவலாள் நிற்கிறான்" என்றான் சாத்தையன். "முத்திருளன் இவர்கள் வீட்டுக்கே தனியாகப் போனவர்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உதிரப்பட்டி முத்திருளனுக்கு மட்டும் இல்லை, இனி வேலையில் அடிபடுகிற திருத்தக்காரர் எல்லாருக்கும் உண்டு! மந்திரி, முத்திரை வையும்."

"நாளைக்குச் சபையில் பார்க்கலாமே..." என்று பரணிலிருந்து இழுவையாக ஒரு குரல் வந்தது.

சாத்தையன் ஏணியைத் தூக்கிக் கொல்லையில் சாத்திவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து முத்திரை மோதிரம் அவன் பாயசத்தில் வந்து விழுந்தது. எடுத்தான். சுத்தமாக நக்கினான். ராஜா எழுதவைத்த ஓலையில் அழுத்தி முத்திரை வைத்துவிட்டு, இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் கேட்டான்.