மிட்டாதார் கஜானாவுக்குள் போன மேளம்

மிட்டாதார் வேங்கடபதிக்குத் தம் கஜானா அறைமேல் அப்படியொரு பெருமை. தூணே இல்லாமல் செங்கல்லை வளைத்துக் கட்டின உயரமான கூரை, யானை முட்டினாலும் அசையாத கதவு. "இதுக்குள்ள போன பொருளை எவனாலும் வெளியே கொண்டுபோக முடியாது" என்று கண்டவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

பகல் தூக்கத்தைக் கெடுத்தாள் என்று கழைக்கூத்தாடி பவளாயியின் மேளத்தைப் பிடுங்கி உள்ளே போட்டுப் பூட்டினார். மேளம் இல்லாவிட்டால் கூட்டம் ஏது, அவளுக்குச் சோறு ஏது?

மூங்கில் கழையோடு முற்றத்துக்கே வந்துவிட்டாள். "குடுத்துடுங்க சாமி."

"இந்தக் கஜானாக் கூரையைத் தாண்டிக் குதி, தர்றேன்."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். வாசலில் தடியோடு நின்ற காவல்காரன் சடையனைப் பார்த்தாள். பக்கத்து மதிலையும் பார்த்தாள்.

"குதிக்கிறேன் சாமி. ஆனா எங்க மேளத்தைக் கொட்டாம கழையை ஊன்றினா எங்க குலசாமிக்கு ஆகாது."

"கொட்டிட்டே விழுந்து எலும்பை முறிச்சுக்க!" மிட்டாதாரே பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

பவளாயி கொட்டினாள். மேளத்தை முதுகில் மாட்டிக்கொண்டு கூரையை நோக்கி ஓடினாள். பாதியில் திரும்பிக் கழையை ஊன்றி, மதிலைத் தாண்டிவிட்டாள்! மதிலுக்கு அப்பால் மறுபடி எழுந்த மேளச் சத்தம் தெருவோடு போய்த் தேய்ந்தது.

மிட்டாதார் கஜானாவுக்கு ஓடினார். பூட்டைத் தடவினார், கூரையைப் பார்த்தார்.

"பூட்டு உடையலே, கூரையில விரிசல் இல்லே, சாவியும் என் இடுப்புல. பின்னே எந்த வழியாடா போச்சு மேளம்?"

சடையன் தலையைச் சொறிந்தான்.

"உங்க கை வழியாத்தான், எசமான்."