ராஜா கண்ணால் கேட்ட ராகம்

அந்தக் காலத்தில் வல்லூர் நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஒரு மாதம் குதிரைப் பைத்தியம், மறு மாதம் புறாப் பைத்தியம். கடைசியில் வீணை. அரண்மனை வித்வான் விடங்கர், "தண்டில் இருக்கும் இந்த ஐந்து சுரங்களின் மெட்டுகளைத் தொட்டால் மோகன ராகம், மகாராஜா" என்று காட்டிக் கொடுத்தார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து யார் வாசித்தாலும் காதை விட்டுவிட்டு விரலையே பார்ப்பார்.

ஒருநாள் வெளியூர் வீணைக்காரி செங்கமலம் சபையில் மோகனம் வாசித்தாள். சபை சொக்கியது. விடங்கர் முகம் மட்டும் சுருங்கியது. பிறகு அவள் பின்னால் இருந்த தம்புராக்காரியிடம் சுருதியை உயர்த்தச் சொல்லி, "அடுத்து இந்தோளம்" என்று வாசித்தாள்.

"அதே மெட்டுகளைத்தானே தொடுகிறாய்? மோகனத்தையே வாசித்துவிட்டு இந்தோளம் என்கிறாயா?" என்றார் ராஜா.

விடங்கருக்கு உண்மை தெரியும். இருந்தும், "தங்கள் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறாள், மகாராஜா" என்றார்.

"வீணையைப் பிடுங்குங்கள். இனி இந்த நாட்டில் இவள் வாசிக்கக் கூடாது."

செங்கமலம் வீணையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் பிழைப்பே அதுதான்.

மந்திரி நக்கண்ணர் எழுந்தார். "மகாராஜாவே இவள் வீணையில் மோகனம் வாசித்துக் காட்டினால் சபைக்கும் சந்தேகம் தீரும். காந்தாரச் சுரத்தில் தொடங்கி அங்கேயே முடியுங்கள், போதும்." தம்புராக்காரியிடம், "நீ நிறுத்தாதே அம்மா" என்றார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய வித்வான் போலக் கண்ணை மூடி வாசித்தார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

"நான் மோகனம்தானே வாசித்தேன்? இந்தோளமல்லவா கேட்கிறது?"

"விரல் தவறவில்லை மகாராஜா" என்றார் நக்கண்ணர். "தம்புரா எந்தச் சுரத்தை ஆதாரமாக்குகிறதோ, அதை வைத்துத்தான் ராகம். சுருதி உயர்ந்து காந்தாரம் ஆதாரமானதும் அதே ஐந்து சுரங்கள் இந்தோளமாகிவிட்டன. இப்போது தங்கள் கையிலிருந்தும் வீணையைப் பிடுங்கச் சொல்லட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ராஜாவுக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. காது மடல்வரை சூடேறியது.

"விடங்கரே, இது உமக்குத் தெரியுமா?"

"தெரியும். மகாராஜா சொன்ன பிறகு மறுத்துப் பேச..."

"ஒருத்தியின் பிழைப்பு போகும்போதும் வாய் வரவில்லையா?"

விடங்கர் தலை குனிந்தார். ராஜா அதற்கு முன்பே குனிந்திருந்தார். தன் முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணரிடம் கூச்சத்தோடு கொடுத்தார். வீணையைச் செங்கமலத்தின் மடியில் தானே வைத்து, "வெட்கமாக இருக்கிறது, அம்மா. மறுபடி வாசிப்பாயா?" என்றார். தம்புராவை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். செங்கமலம் வாசிக்கத் தொடங்கினாள்.

"ஆகா, தம்புரா மகாராஜாவுக்கு என்ன பொருத்தம்" என்று ஆரம்பித்தார் விடங்கர்.

ராஜா கண்ணைத் திறக்கவில்லை. "கொஞ்சம் பேசாமல் இரும். இப்போதுதான் கேட்கிறேன்" என்றார்.