பிரைமருக்கு அடியில் ஒரு முடி

"டப்பா காலி டீச்சர். பாலத்தையும் காணோம்," என்றார் சேசுராஜ்.

ஜன்னத் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கையில் இருந்தது பாம்பன் ரயில் பாலத்தின் ஒரே ஒரு கண், இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கும் பகுதி. ஒரு முழ நீளம், பிளாஸ்டிக்கில் செய்தது. அதன் மேல், பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் சாம்பல் நிறப் பிரைமர் அடை மாவு மாதிரி அப்பியிருந்தது. குண்டூசி முனையில் பசை தொட்டு, பொட்டுப் பொட்டாக மூன்று மாதம் வைத்த ரிவிட்டுகள் எல்லாம் உள்ளே மூழ்கிவிட்டன.

"எப்படி அடிச்சீங்க?"

"ஒரு சொட்டுகூட வெளிய போகாம, நல்லாக் கிட்ட வச்சு அடிச்சேன்."

பெருமையாகத்தான் சொன்னார்.

சேசுராஜுக்கு வயது அறுபத்திரண்டு. ரயில்வே கேங்மேனாக இருந்தவர். அந்தப் பாலத்தின் மேல் முப்பது வருஷம் ஸ்பேனரும் சுத்தியலுமாக நடந்திருக்கிறார். ஜன்னத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கப்பல், கட்டடம், பாலம் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்து கொடுப்பது அவள் தொழில். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்துவிடலாம்.

அவர் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தது மனைவி பாக்கியமேரிக்காக. சர்க்கரை வியாதியில் அவளுக்குப் பார்வை போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன கிறிஸ்துமஸ் அன்று, "பாலம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுங்க," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சேசுராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டுப் பார்க்க ஒரு பாலம் செய்ய வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பிரைமர் இல்லாமல் பெயிண்ட் அடித்தால் நாலு தடவை தொட்டதும் உரிந்து வரும். பிரைமர் கனமாக விழுந்தால் தொடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

"வீணாக்காம அடிக்கிறது எப்படி டீச்சர்? அத மட்டும் சொல்லிருங்க."

ஜன்னத் முக்காட்டுக்குள் கையை விட்டு ஒரு முடியைப் பிடுங்கினாள். ஒரு பிளாஸ்டிக் துண்டின் மேல் அதை ஒட்டினாள். பக்கத்தில் புது ஸ்பிரே டப்பாவை வைத்தாள்.

"இதுக்கு மேல அடிங்க. காஞ்சதும் கண்ண மூடிக்கிட்டு முடியக் கண்டுபிடிங்க."

"அவ்வளவுதானா?"

அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவர் கிட்ட வைத்து அடித்தார். காய்ந்ததும் தடவினார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"முடியும் போச்சு டீச்சர்."

இன்னொரு முடி.

இந்த முறை கை எட்டும் மட்டும் தள்ளி நின்று அடித்தார். பிரைமர் காற்றிலேயே காய்ந்து மணலாக விழுந்தது. கண்ணை மூடித் தடவினார்.

"எல்லாமே முடியா இருக்கே!"

ஜன்னத் மறுபடியும் முக்காட்டுக்குள் கையை விட்டாள்.

"வேணாம் டீச்சர். எனக்குச் சொல்லிக் குடுத்து உங்க தலை மொட்டையாயிரும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

டப்பாவைக் குலுக்க வைத்தாள். போதும் என்று அவர் நினைத்த பிறகும் குலுக்க வைத்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத் தள்ளிப் பிடித்தாள். துண்டை நோக்கி அல்ல, அதற்கு வெளியே. அங்கே அமுக்கினாள். கை நகர்ந்தது, துண்டைக் கடந்தது, அந்தப் பக்கம் போய்த்தான் அமுக்கியதை விட்டாள்.

"காத்துல போகுதே!" என்று பதறினார்.

"போகட்டும்."

"ஆரம்பமும் காத்துல, முடிவும் காத்துல. அப்ப துண்டுக்கு என்னதான் கெடைக்குது?"

அவள் டப்பாவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கனம் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

துண்டின் மேல் லேசாகச் சாம்பல் படிந்திருந்தது. அடியில் வெள்ளை பிளாஸ்டிக் இன்னும் தெரிந்தது. அவர் கை பரபரத்தது. காயும்வரை அவர் மணிக்கட்டை அவள் விடவில்லை. அப்புறம் இன்னொரு முறை. மறுபடியும் காத்திருந்தார்கள். மூன்றாவது முறையோடு வெள்ளை மறைந்தது.

முடியும் மறைந்துவிட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடினார். விரலை வைத்தார்.

இருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நடுவில் ஒரு சின்ன வளைவோடு இருந்தது.

சேசுராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இருக்கு டீச்சர்," என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

புதிதாக ஒரு பாலம் செய்ய அவருக்கு மழைக்காலம் முழுக்க ஆனது. பிரைமரை அவரே அடித்தார். ஈரக்காற்று இல்லாத காலையாகப் பார்த்து, பூச்சுக்குப் பூச்சு காத்திருந்து அடித்தார். பிளாஸ்டிக், மரக்குச்சி, கம்பி, பசை எல்லாம் ஒரே சாம்பலில் ஒன்றாகிவிட்டன. எதை எதால் செய்தோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. மேல் பெயிண்ட் அடிக்குமுன் ஜன்னத்திடம் கொண்டுவந்து வைத்தார்.

"சரியா வந்திருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அவள் பார்க்கவே இல்லை.

"நான் பாத்து என்ன ஆகப் போகுது? அவங்களக் கூட்டிட்டு வாங்க. என்னன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மறுநாள் காலை பாக்கியமேரி அந்த மேசை முன்னால் வந்து உட்கார்ந்தாள். சேசுராஜ் அவள் கையை எடுத்துப் பாலத்தின் ஓரத்தில் வைத்தார். தன் கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அவள் விரல்கள் ஊர்ந்தன. ரிவிட் வரிசையில் ஏறின. ஒவ்வொன்றிலும் நின்று நின்று போயின. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம், மழைக்காலம், எல்லாம் வீண்தானோ என்று நினைத்தார்.

"இரும்பு," என்றாள்.

பிளாஸ்டிக்தான். யாரும் திருத்தவில்லை.

விரல்கள் இன்னும் மேலே போயின. தண்டவாளம் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே குறுக்குக் கட்டைகள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல் நுனி லேசாக இறங்கியது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மறு கையால் கணவரின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"ஐயோ, கீழ கடலுங்க!"

ஜன்னத் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள்.