மிளகும் திருவோடும்

"அம்மா, இந்த நாயை என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார் திருமேனி.

திருமேனி ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய குரு மங்கையம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அம்மை கடைத்தெருவுக்குப் போனால்கூடத் திருமேனியும் பின்னாலேயே போய்விடுவார்.

"பிச்சைக்குக் கிளம்பினா போதும், மிளகு ஊளையிட்டு ஊரைக் கூட்டுது. நீங்க பக்கத்துல இருந்தும் அடங்க மாட்டேங்குது. கதவைப் பிறாண்டிக் காலெல்லாம் ரத்தம். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்கன்னு தெருக்காரங்க சொல்லிட்டாங்க. எனக்கு மனசு வரலைம்மா."

"எப்போ ஆரம்பிக்குது?"

"திருவோட்டைக் கையில எடுத்ததுமே."

"எடுங்க."

எடுத்தார். மிளகு துள்ளி எழுந்து முனகியது.

"கீழே வெச்சுட்டு உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"மறுபடி எடுங்க."

அன்று பூராவும் இதே வேலை. பார்த்தவர்கள் திருமேனிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சாயங்காலம் மிளகுக்கே சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் திருவோட்டோடு வாசல் வரை போய்த் திரும்பினார். அப்புறம் தெருமுனை வரை.

"போகும்போதும் கொஞ்சாதீங்க, வந்ததும் கொஞ்சாதீங்க" என்றார் அம்மை.

திருமேனிக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

சில வாரம் கழித்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தார். மிளகு வேப்பமர நிழலில் படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. வாலை லேசாக ஆட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

திருமேனிக்குச் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது.

"மிளகு அழவே இல்லைம்மா. இனிமே யாரும் இதைத் துரத்த மாட்டாங்க."

"நல்லது" என்ற அம்மை எழுந்து, தன் துணிமூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

திருமேனி பதறி எழுந்தார். "எங்கேம்மா கிளம்பிட்டீங்க? என்னை விட்டுட்டா? நான் என்ன பண்ணுவேன்?"

அம்மை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

திருமேனிக்கு உயிர் வந்தது. அவரும் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மை மறுபடி மூட்டையை எடுத்தார்.

பாதி எழுந்த திருமேனி, தூங்குகிற மிளகைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்துகொண்டார்.