ஏழெட்டு எவ்வளவு?

மலையடிவாரத்துக் குடிலில் தியானம் கற்றுக்கொடுத்த நாச்சியம்மைக்குச் சீடர்கள் பலரும் வயதில் மூத்தவர்கள். அவர்களில் தெய்வசிகாமணி ரொம்ப நல்ல மனிதர், ரொம்பப் படபடப்பானவரும்கூட. கண்ணை மூடி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மூச்சையும் சேர்த்து இவரே விட்டுவிடுவார் போலிருக்கும்.

அன்று மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். செம்மலர் மூன்றாம் வகுப்பு. மறுநாள் முழுப்பரிட்சை.

"அம்மா, இவ வீட்டுல எல்லாம் டாண் டாண்ணு சொல்றா. பள்ளிக்கூடத்துல கேட்டா வாயைத் திறக்கறதில்ல. பரிட்சைத் தாளை ஒண்ணும் எழுதாமக் குடுத்துட்டு வர்றா. நீங்களே பாருங்க."

மகள் பக்கம் திரும்பினார். "ஏழெட்டு எவ்வளவு கண்ணு?"

செம்மலர் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்பத்..." என்றார் அவர்.

"தாறு."

"நம்ம மாநிலப் பறவை? மரக..."

"தப்புறா."

"பாத்தீங்களாம்மா? எல்லாம் தெரியுது." அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நாச்சியம்மை வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். முற்றத்தில் அணில்களைப் பார்த்து வரும்படி குழந்தையை அனுப்பிவிட்டு, "இப்ப சொல்லுங்கண்ணா, என்ன கேக்கணும்?" என்றார்.

"இவ பரிட்சையில..."

"நூத்துக்கு நூறு வாங்கணும்," என்று முடித்துவைத்தார் நாச்சியம்மை.

"அதில்லம்மா, பாஸானாலே போதும். நான் கேக்க வந்தது..."

"டியூஷன் சேக்கலாமான்னு."

"இல்லம்மா, அவ மனசு..."

"அலையுது. தியானம் சொல்லித் தரணும்."

தெய்வசிகாமணி திணறிப்போனார். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த கேள்வி எங்கே போனதென்றே தெரியவில்லை. குரு ஆயிற்றே என்று பார்த்தார், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டிருப்பார்.

"கொஞ்சம் என்னைச் சொல்ல விடுங்கம்மா. என்ன கேக்க வந்தேன்னே மறந்துபோச்சு."

நாச்சியம்மை அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அவசரமே இல்லாதவராக அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதலில் தெய்வசிகாமணிக்கு அது கூச்சமாக இருந்தது. துண்டை மடித்தார், பிரித்தார். பிறகு, கேட்க நினைத்திருந்தது எதுவும் வராமல், வேறொன்று தானாக வந்தது.

"நேத்து படுக்கையில, 'அப்பா, நான் மக்கா?'ன்னு கேட்டாம்மா. எனக்கு ஈரக்குலையே ஆடிப்போச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ ஏன் கண்ணு பயப்படறே, அப்பா இருக்கேன்ல, எல்லாத்தையும் நான் சொல்லித் தர்றேன்னேன்."

சொன்னவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். தான் சொன்னதைத் தானே இப்போதுதான் கேட்டது போல இருந்தது அவருக்கு.

நாச்சியம்மை குழந்தையை உள்ளே கூப்பிட்டார்.

"செம்மலரு, ஏழெட்டு எவ்வளவு?"

குழந்தை வழக்கம்போல அப்பாவைப் பார்த்தாள். அவர் உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. அந்த 'அம்பத்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கிவிட்டுக் குழந்தையைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

செம்மலர் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்கள் கலங்கத் தொடங்கின. தெய்வசிகாமணிக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் பெற்ற பிள்ளைக்காக அதுவரை செய்ததிலேயே அதுதான் கஷ்டமான வேலை.

குழந்தை மெல்லத் தலையைக் குனிந்தாள். விரல்கள் மடங்கின.

"அம்பத்து நாலு."

தெய்வசிகாமணி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாச்சியம்மை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இல்ல, இருங்க," என்றாள் செம்மலர். விரல்களைப் பிரித்து மறுபடி மடக்கினாள். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஏழேழு நாப்பத்தொம்போது. அதோட ஒரு ஏழு..." உதடு முணுமுணுத்தது.

"அம்பத்தாறு."

சொல்லிவிட்டுத் தன் விரல்களையே ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்புறம் அணிலிடம் ஓடிப்போய்விட்டாள்.

தெய்வசிகாமணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, பரிட்சைக்கு இன்னிக்கு ஒருநாள்தான் இருக்கு. வீட்டுக்குப் போய் அவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கட்டும்?"

"இப்ப சொல்லிக்கொடுத்தீங்களே," என்றார் நாச்சியம்மை, "அதையே."